ரிஜக்‌ஷன் 11 சதவீதம்: ஆலோசகருக்கு நாலரை லட்சம் கொடுக்கலாமா?

#1 கணபதி வார்ப்பு

வணக்கம். கோவை கணபதியில் சின்ன ஃபவுண்டரி நடத்துகிறோம். அப்பா 1991இல் குபோலா (கோக் கரி உலை) வைத்து ஆரம்பித்தது. இப்போது 500 கிலோ இண்டக்‌ஷன் ஃபர்னஸ், ஒரே ஷிஃப்ட், 34 பேர். பம்ப் கேசிங், மோட்டார் பாடி, பிராக்கெட் இவைதான் அதிகம். மாதம் சுமார் 100 டன் உருக்குகிறோம். ரன்னர் (உலோகம் ஓடும் வழி), ரைசர் (உறையும்போது ஊட்டம் தரும் தேக்கம்) போக 65 டன் வார்ப்பு கைக்கு வருகிறது. அதில் 11 சதவீதம் ரிஜக்‌ஷன்.

இங்கேயே கண்டுபிடித்து உடைத்து மறுபடி ஃபர்னஸில் போட்டாலாவது பரவாயில்லை. பாதிக்கு மேல் வாடிக்கையாளரின் மெஷின் ஷாப்பில், கடைசல் முடிந்த பிறகுதான் ஓட்டை தெரிகிறது. கடைசல் கூலியையும் சேர்த்து எங்கள் கணக்கில் டெபிட் போடுகிறார்கள். போன மாதம் மட்டும் டெபிட் நோட் 1,38,000 ரூபாய்.

சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் வந்து ஒரு நாள் சுற்றிப் பார்த்தது. 6 மாத வேலை, நாலரை லட்சம், ஜி.எஸ்.டி. தனி. உற்பத்தித்திறன் 25 சதவீதம் உயரும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். மாதிரிக்கு வேறொரு கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையைக் காட்டினார்கள், 90 பக்கம்.

அப்பாவுக்கு விருப்பமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்காக ஒருவரை வைத்தோம். சான்றிதழ் வந்தது, சுவரில் மாட்டினோம், ஃபைல்கள் அலமாரியில் இருக்கின்றன, வேலை பழையபடிதான் நடக்கிறது. "முப்பது வருஷம் நாமே பார்த்த மண்ணைப் பற்றி வெளியாள் என்ன சொல்லப்போகிறார்" என்கிறார். எனக்கோ மாதாமாதம் டெபிட் நோட்டைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓசூர் சி.என்.சி.

நண்பரே, எங்களுடையது ஃபவுண்டரி அல்ல, மெஷினிங் ஜாப் ஒர்க். ஆனாலும் ஆலோசகர் வைத்த அனுபவம் ஒன்று இருக்கிறது, நல்ல அனுபவம்.

எங்களுக்கு வி.எம்.சி. என்ற கம்ப்யூட்டர் மெஷினில் ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற 2 மணி 10 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன ஆர்டர்கள் என்பதால் ஒரு நாளில் இரண்டு முறை செட்டிங். வந்தவர் முதல் நாள் ஒன்றுமே சொல்லவில்லை. செட்டரின் அனுமதியோடு முழு செட்டிங்கையும் வீடியோ எடுத்தார். மறுநாள் எல்லோரையும் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினார். 2 மணி 10 நிமிடத்தில் 48 நிமிடம் செட்டர் மெஷின் பக்கத்திலேயே இல்லை. டூல் ஹோல்டர் தேடுகிறார், ஸ்டோரில் நிற்கிறார், கேஜ் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு திரிகிறார். மெஷின் ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலையை மெஷினை நிறுத்திவிட்டுச் செய்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இது ஜப்பானிய இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறை. 1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனதாம். அதை முதலில் 90 நிமிடத்துக்கும், அப்புறம் 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். நாங்கள் 35 நிமிடத்துக்கு வந்தோம். செலவு ஒரு தள்ளுவண்டி, ஒரே உயரத்தில் செய்த ஃபிக்சர் பிளேட்டுகள், ஆலோசகருக்கு 7 நாள் கூலி.

ஆனால் எங்களிடம் கேள்வி தெளிவாக இருந்தது, 'செட்டிங் நேரம் குறைய வேண்டும்' என்பது மட்டும். உங்கள் கடிதத்தில் 'உற்பத்தித்திறன் 25 சதவீதம்' என்றால் எதன் 25 சதவீதம்? ஆள் கணக்கா, டன் கணக்கா, மணிக் கணக்கா? முதலில் அதைக் கேளுங்கள்.

#3 பழைய மோல்டர்

தம்பி, 31 வருஷம் ஃபவுண்டரியில் இருந்தேன். மோல்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 11 சதவீதம் என்றீர்கள். எந்த 11? எந்த அயிட்டம், எந்த வகை ஓட்டை, காலையில் ஊற்றியதா சாயங்காலம் ஊற்றியதா, எந்த மோல்டர் (மண் அச்சு அடிப்பவர்), எந்த அச்சுப் பெட்டி? இது தெரியாமல் யாரைக் கூப்பிட்டாலும் முதல் இரண்டு மாதம் இதைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் காசு போகும். இதை நீங்களே 3 வாரத்தில் செய்யலாம்.

'ஓட்டை' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். ஓட்டையின் உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் அது காற்று, புளோ ஹோல். மண்ணின் ஈரத்திலிருந்தோ, உள்குழிவுக்கு வைக்கும் மண் கோரிலிருந்தோ, காயாத லேடிலிலிருந்தோ (ஊற்றும் கரண்டி) வந்தது. உள்சுவர் சொரசொரப்பாக, கிளை கிளையாக, தடித்த பாகமும் மெல்லிய பாகமும் சேரும் இடத்தில் இருந்தால் அது ஷ்ரிங்கேஜ். உலோகம் உறையும்போது ஊட்டம் போதவில்லை என்று அர்த்தம், அதற்கு ரைசரைப் பார்க்க வேண்டும், மண்ணைத் திட்டிப் பயனில்லை. ஓட்டைக்குள் மண் துகள் இருந்தால் அச்சு எங்கோ அரித்திருக்கிறது, இல்லை பெட்டி மூடும்போது உதிர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் நோய் கூடும். ஷ்ரிங்கேஜ் என்று நினைத்துக்கொண்டு உலோகத்தை இன்னும் சூடாக ஊற்றி, அதனால் ஷ்ரிங்கேஜையே அதிகப்படுத்திக்கொண்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் மண் மதியம் 2 மணிக்கு மேல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காலையில் ஊற்றிய பெட்டியை உடைத்து அதே மண்ணைக் கலக்கும் மில்லில் போட்டு மறுபடி எடுக்கிறீர்கள் அல்லவா? மண் 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஈரம் நம் கையில் நிற்காது. மில்லில் 3.5 சதவீதம் காட்டும், அச்சு அடிப்பதற்குள் காய்ந்துவிடும். மண் காய்ந்துவிட்டதே என்று மோல்டர் தண்ணீர் தெளிப்பார். அந்தத் தண்ணீர்தான் வாடிக்கையாளரிடம் ஓட்டையாகப் போய்ச் சேர்கிறது.

மெஷின் ஷாப்பில் ரிஜக்ட் ஆனதையெல்லாம் வண்டி வைத்துத் திருப்பி எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றையும் ஓட்டை இருக்கும் இடத்தில் உடைத்துப் பாருங்கள். அச்சு எடுக்கும் பேட்டர்னில் தேதியும் ஹீட் எண்ணும் (எந்த உருக்கு என்பது) வார்ப்பில் விழுகிற மாதிரி எழுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளைக்கே வையுங்கள்.

#4 குறிச்சி பம்ப்

நான் எதிர்ப்பக்கம். சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப் அசெம்பிளி. 4 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்தோம். பேர் வேண்டாம். பேச வந்தவர் நரைத்த தலை, நல்ல விஷயம் தெரிந்தவர். கையெழுத்துப் போட்ட பிறகு அவரைப் பார்க்கவே முடியவில்லை. காலேஜ் முடித்து ஒரு வருஷமான இரண்டு பையன்கள் லேப்டாப்போடு வந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் சொன்னதையே எழுதி, படம் போட்டு எங்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் அறிக்கையில் முக்கியப் பரிந்துரை, 38 லட்சத்துக்கு ஒரு டெஸ்டிங் லைன் வாங்க வேண்டும் என்பது. எந்த சப்ளையர் என்பதையும் அவர்களே சொன்னார்கள். பின்னால் அந்த சப்ளையரின் ஆள் ஒருவர் வாய் தவறி, ஆலோசகருக்கும் பங்கு போகிறது என்று சொல்லிவிட்டார். லைன் வாங்கவில்லை, ஆனால் கொடுத்த 3 லட்சம் போனது போனதுதான். இந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் உங்கள் அப்பா சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#5 தனி ஆலோசகர்

நான் இந்தத் தொழிலில் 14 வருஷமாக இருக்கிறேன், தனியாளாக. குறிச்சி நண்பர் சொன்னது நடக்கிறது. மறுக்க மாட்டேன். அது எங்கள் தொழிலின் பேரைக் கெடுக்கிற விஷயம், எனக்கும் அதில் கோபம் உண்டு.

'ஆலோசகர்' என்ற ஒரே சொல்லில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். சான்றிதழுக்கு ஆவணம் தயார் செய்பவர் ஒரு வகை. லீன் (வீணைக் குறைக்கும் முறை), 5 எஸ் (பணியிட ஒழுங்கு), லேஅவுட், உற்பத்தித் திட்டமிடல் என்று வேலை நடக்கிற முறையைச் சீர்செய்பவர் இன்னொரு வகை. மூன்றாவது, ஒரு தொழில்நுட்பத்தை அடிவரை தெரிந்தவர்: வார்ப்பின் மெத்தடிங் (உலோகம் ஓடவும் உறையவும் வழி வகுப்பது), ஹீட் ட்ரீட்மெண்ட், வெல்டிங், டூலிங் இப்படி. கணபதி நண்பருக்கு வந்த கடிதத்தைப் பார்த்தால் இரண்டாம் வகை நிறுவனம். அவருடைய நோயோ மூன்றாம் வகை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கண் வலிக்கு எலும்பு டாக்டரிடம் போகிற கதை ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் எழுதும்போது நான் என் வாடிக்கையாளர்களிடமே வற்புறுத்துகிற சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலில், இன்றைய நிலை என்ன என்பதை இருவரும் சேர்ந்து அளந்து கையெழுத்துப் போட வேண்டும். 11 சதவீதம் என்றால் எண்ணிக்கையிலா எடையிலா, வாடிக்கையாளரிடம் திரும்பியது சேர்ந்ததா இல்லையா, எந்த 3 மாதத்தின் சராசரி? இது எழுத்தில் இல்லாவிட்டால் கடைசியில் முன்னேற்றம் வந்ததா இல்லையா என்று இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டியதுதான். அப்புறம், யார் வருவார், எத்தனை நாள் ஷாப் ஃப்ளோரில் நிற்பார் என்பது பேரோடு இருக்க வேண்டும். 6 மாதம் என்பது கால அளவு, வேலை நாள் அல்ல. நாலரை லட்சத்துக்கு 18 நாளா 50 நாளா என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வராது. இயந்திரம் விற்பவரிடம் கமிஷன் வாங்கவில்லை என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிறவரை அப்போதே அனுப்பிவிடலாம். உங்கள் பேட்டர்ன் வரைபடங்கள், வாடிக்கையாளர் டிராயிங்குகள் வெளியே போகக் கூடாது என்பதும் சேர வேண்டும்.

பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை, அவர் வேலையை முடித்துவிட்டுப் போன 3 மாதம் கழித்து. ஆள் போன பிறகும் மாற்றம் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

'மிச்சமாவதில் பங்கு கொடுங்கள், ஃபீஸ் வேண்டாம்' என்று சிலர் வருவார்கள். கேட்க நன்றாக இருக்கும், எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த மாதம் ஆர்டர் கூடினாலும் குறைந்தாலும், ஸ்கிராப் விலை மாறினாலும் கணக்கு மாறும். அப்புறம் ஆலோசகரின் மூளை வேலையை விட்டுவிட்டுக் கணக்கில் போய் நிற்கும்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

#6 அம்பத்தூர் பிரஸ்

ஷீட் மெட்டல் பிரஸ் ஷாப் நடத்துகிறேன். கணவர் தவறிய பிறகு நான் எடுத்து 9 வருஷம் ஆகிறது. மெஷின் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது, அதனாலேயே ஆலோசகர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன்.

முழுப் பணத்தையும் நீங்களே போட வேண்டியதில்லை தம்பி. மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதிதாகத் தொடங்கியது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி. இடைநிலையிலும் உயர்நிலையிலும் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் அரசு கொடுக்கிறது. உத்யம் (சிறுதொழில்) பதிவு இருந்தால் போதும். ஜெட் (ZED, குறையில்லாத உற்பத்திக்கான) சான்றிதழும் அப்படித்தான், குறுந்தொழிலுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60 சதவீதம் மானியம். தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் 1958 முதல் இருக்கிற அமைப்பு, அவர்களிடமும் கேட்கலாம்.

ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு வேலையை ஆரம்பிக்காதீர்கள். நான் முதல் தடவை அந்தத் தப்பைச் செய்தேன். தரையில் மஞ்சள் கோடு அடித்தோம், அலமாரிக்கெல்லாம் பேர் ஒட்டினோம், முன்-பின் படம் எடுத்து ஏற்றினோம். 3 மாதத்தில் மஞ்சள் கோட்டுக்கு மேலேயே ஸ்கிராப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்கிராப் வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பெட்டி வேறு எங்கே போகும்?

இரண்டாவது தடவை வந்தவர் பிரஸ் ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசினார். ஒரு பெண் சொன்னாள்: "எடுத்து வைக்கிற டிரே கீழே இருக்கிறது, ஒவ்வொரு பீசுக்கும் குனிகிறேன்." அந்த டிரேயை 60 செ.மீ. உயர்த்தினோம். அவள் மணிக்கு எடுத்த பீஸ் கூடியது, இடுப்பு வலி என்று லீவு போடுவது குறைந்தது. அவள் இதை என்னிடம் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை, நானும் கேட்டதே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

இன்னொரு வழியும் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் பெரிய கம்பெனியா? அவர்களிடம் சப்ளையர்களை மேம்படுத்தும் குழு இருக்கும். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருது வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. அதற்கப்புறம் இந்தப் பகுதியில் தர வட்டம், கைசன் (சிறு சிறு முன்னேற்றம்) என்ற பேச்சு சின்னப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. நான் கற்றுக்கொண்டதில் பாதி ஒரு வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஜினியர் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக் கொடுத்தது. ஒரு ரூபாய் வாங்கவில்லை.

#7 மின் தணிக்கையாளர்

கணபதி நண்பரின் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 65 டன்னில் 11 சதவீதம் என்றால் மாதம் 7 டன் வீண். அந்த 7 டன் வார்ப்புக்கு ரன்னர், ரைசரோடு சேர்த்து உருக்கியது ஏறக்குறைய 11 டன். டன்னுக்கு 700 யூனிட் என்று வைத்தால் 7,700 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 60,000 ரூபாய்க்கு மேல். இது கரண்ட் மட்டும். மண், பெண்டோனைட் களிமண், கூலி, டெபிட் நோட் எல்லாம் தனி. ரிஜக்‌ஷனைக் குறைப்பதைவிடப் பெரிய மின் சிக்கனம் ஃபவுண்டரியில் கிடையாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

நீங்கள் டன்னுக்கு எவ்வளவு யூனிட் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். வார்ப்பிரும்புக்கு நன்றாக ஓடும் ஃபர்னஸ் 550 முதல் 650 யூனிட்டில் முடிக்கும். 700க்கு மேல் போனால் மூன்று இடம் பார்ப்பேன். மூடி போடாமல் உருக்குகிறீர்களா? மேற்பரப்பிலிருந்து வெப்பம் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கும். ரன்னரை மண்ணோடு அப்படியே போடுகிறீர்களா? அந்த மண்ணையும் சேர்த்து உருக்கி, கசடாக வழித்து எறிகிறீர்கள். மூன்றாவது, உலோகம் தயாரான பிறகு பெட்டி தயாராகக் காத்திருக்கிறதா? ஒவ்வொரு ஹீட்டுக்கும் உருகி முடிந்த நேரம், கடைசி லேடில் ஊற்றிய நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள்.

கம்ப்ரசருக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் எல்லாக் கருவியையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். எத்தனை நொடி லோடில் (காற்றை அழுத்தி), எத்தனை நொடி அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) ஓடுகிறது என்று குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் அதுதான் கசிவு விகிதம். அழுத்தத்தை ஒரு பார் குறைத்து வைக்க முடிந்தால் கம்ப்ரசரின் மின்செலவில் 6 முதல் 10 சதவீதம் குறையும்.

முறையான தணிக்கை வேண்டுமென்றால் எரிசக்தித் திறன் செயலகத்தின் தேர்வு எழுதிச் சான்று பெற்றவர்களை மட்டும் கூப்பிடுங்கள். மாநில அரசின் பீஸ் (PEACE) என்ற மின் சிக்கனத் திட்டத்தில் தணிக்கைச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

#8 தர இன்ஜினியர் 27

எல்லோரும் முதலாளி பக்கமிருந்து பேசுகிறீர்கள். நான் சம்பளத்துக்கு வேலை செய்பவன், ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி. ஆலோசகர் வருகிறார் என்றால் எங்கள் ஷாப்பில் என்ன நடக்கும் தெரியுமா? ஆள் குறைக்கத்தான் வருகிறார் என்ற பேச்சு முதல் நாளே பரவும். மோல்டர்கள் அன்றைக்கு மெதுவாக வேலை செய்வார்கள், அது நியாயமான பயம்தான். அப்புறம் அவர் கேட்கிற எக்செல் எல்லாவற்றையும் ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்புவது நான்.

அதனால் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். யாரையும் அழைத்து வருவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து, இதனால் யாருக்கும் வேலை போகாது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதைக் காப்பாற்றுங்கள். மண் மில்லிலும் ஷேக் அவுட்டிலும் (பெட்டியை உடைத்து வார்ப்பை எடுக்கும் இடம்) இப்போது ஒடிசா, பீகார் தம்பிகள்தான் நிறைய. தமிழில் ஒட்டிய அறிவிப்பை யார் படிப்பது? எங்கள் இடத்தில் ஆலோசகர் ஆறு மாதம் வந்தார், மண் மில் ஓட்டுகிற பையனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மண்ணில் தண்ணீர் விடுகிற வால்வு அவன் கையில்தான் இருந்தது.

#9 பழைய மோல்டர்

தர இன்ஜினியர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் காலத்தில் மண் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். ஒரு பிடி எடுத்து அமுக்கி, உடைத்துப் பார்த்தே சொல்வார். சோதனைச் சாலைக் கருவி பக்கத்தில் இருந்தாலும் முதலில் அவர் கையைத்தான் நம்புவோம். கருவி அவர் சொன்னதை எண்ணாக மாற்றிக் காட்டும், அடுத்த ஷிஃப்ட்காரருக்கும் அது புரியும். இரண்டும் வேண்டும்.

#10 கணபதி வார்ப்பு

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், பழைய மோல்டர் ஐயா சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

மெஷின் ஷாப்பிலிருந்து திருப்பி எடுத்தது, இங்கேயே விழுந்தது எல்லாம் சேர்த்து 386 வார்ப்புகளை உடைத்துப் பார்த்தோம். ஷேக் அவுட் பக்கத்தில் கரும்பலகை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டோம், அயிட்டம் ஒரு பக்கம், ஓட்டை வகை ஒரு பக்கம். நாங்கள் 23 அயிட்டம் ஊற்றுகிறோம். 386இல் 241 இரண்டே இரண்டு கேசிங்குகள். அதில் பெரும்பகுதி வழவழப்பான ஓட்டை, அதாவது காற்று. மீதி, ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு) ஓரத்தில் சொரசொரப்பான ஓட்டை. காலை 11 மணிக்கு முன்னால் ஊற்றியதில் காற்று ஓட்டை மிகக் குறைவு. மதியம் 3 மணிக்கு மண் 58 டிகிரி.

அப்பா முதல் வாரம் பக்கத்திலேயே வரவில்லை. இரண்டாவது வாரம் கரும்பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் அவரே சுத்தியலை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். "இந்தக் கேசிங்குக்கு 2014இல் கஸ்டமர் கனத்தைக் குறைக்கச் சொன்னான், நாம் ரைசரை மாற்றவே இல்லை" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது.

மண் மில் ஓட்டுகிற தம்பி ஒடிசாக்காரர். அவரிடம் கேட்டேன். மதியம் மோல்டர்கள் சத்தம் போடுவதால் கூடுதலாகத் தண்ணீர் விடுவேன் என்றார். யாரும் சொல்லித்தரவில்லை, திட்டு வாங்காமல் இருக்க அவரே கண்டுபிடித்த வழி.

சென்னை நிறுவனத்திடம் வேலை நாள் எத்தனை என்று கேட்டேன். 6 மாதத்தில் 24 நாள், ஃபவுண்டரி தெரிந்தவர் அதில் 4 நாள் வருவார் என்றார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். அடுத்து என்ன செய்யட்டும்?

#11 பழைய மோல்டர்

நல்ல வேலை தம்பி, அப்பாவுக்கும் என் வணக்கம். காற்றுப் பிரச்சினையை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். மண்ணை ஆற விடுங்கள். கூலர் வாங்கும் வரை காலை மண், மதிய மண் என்று இரண்டு குவியலாகப் பிரித்து, உடைத்த மண்ணை அன்றைக்கே திரும்ப எடுக்காமல் மறுநாளைக்கு விடுங்கள். மண் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும், இடமும் வேண்டும். கோர் சி.ஓ.டூ. (வாயு விட்டு இறுக்கும்) கோரா? அப்படியானால் அடித்து வைத்து நாள் கணக்கில் விடாதீர்கள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டி மூடுவதற்கு முன்னால் சுடரில் காட்டி, காற்றுத் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றும்போது வெப்பநிலையைக் கண்ணால் மதிப்பிடாமல் தெர்மோகப்பிள் முக்கிப் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

ஃபிளாஞ்ச் ஓரத்து ஷ்ரிங்கேஜுக்கு மட்டும் ஆள் வேண்டும். அது என் அனுபவத்தாலும் தீராது. கணக்குப் போட்டு ரைசர் வைக்கிறவர் வேண்டும்.

#12 தனி ஆலோசகர்

ஐயா சொன்ன இடத்தில்தான் ஆலோசகருக்கு வேலை. இப்போது கேள்வி இரண்டு கேசிங், ஃபிளாஞ்ச் ஓரம், ஒரு வகைக் குறை என்று சுருங்கிவிட்டது. இதற்கு மெத்தடிங் தெரிந்த ஒருவர் 8, 10 நாள் போதும். உறைவதை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மேக்மா ஒன்று, மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஆட்டோகாஸ்ட் இன்னொன்று. ரைசர் எங்கே, எவ்வளவு பெரிது, கழுத்து எவ்வளவு என்று பேட்டர்னை வெட்டாமலேயே நான்கைந்து விதம் பார்த்துவிடலாம். மென்பொருளை நீங்கள் வாங்க வேண்டாம், வேலைக்கு இவ்வளவு என்று செய்து கொடுப்பவர்கள் கோவையிலேயே கிடைப்பார்கள்.

ஒன்றே ஒன்று. சிமுலேஷனுக்கு நீங்கள் கொடுக்கிற எண் பொய்யானால் அது காட்டுவதும் பொய். ஊற்றும் வெப்பநிலை, கார்பன் ஈக்குவலண்ட் (கார்பனையும் சிலிக்கானையும் சேர்த்த கணக்கு), ஊற்ற எடுக்கும் நொடி மூன்றையும் உங்கள் ஷாப்பில் அளந்து கொடுங்கள். இனாகுலேஷன் (உறைவதைச் சீராக்கும் சேர்மானம்) போட்ட பிறகு லேடில் எத்தனை நிமிடம் காத்திருக்கிறது என்பதையும் பாருங்கள், 10, 15 நிமிடத்தில் அதன் பலன் மங்கிவிடும்.

#13 குறிச்சி பம்ப்

இப்படி ஒரு வேலை நடப்பதைப் படிக்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. எங்களிடம் கேள்வியே இல்லாமல் ஆளைக் கூப்பிட்டோம் என்பது இப்போது புரிகிறது. நான் மறுபடி யாரையாவது வைப்பேனா என்றால், அந்தக் கமிஷன் வரியை எழுதித் தருபவராக இருந்தால் யோசிப்பேன்.

#14 கணபதி வார்ப்பு

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டு எழுதியவர்கள் பலர், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மண்ணை இரண்டு குவியலாகப் பிரித்தோம். இடத்துக்காகப் பழைய குபோலா நின்ற மூலையை இடித்தோம், அப்பா அன்றைக்கு மட்டும் பட்டறைக்கு வரவில்லை. மண் மில் பக்கத்தில் தண்ணீர் அளவும் சோதனை முறையும் ஒடியாவில் எழுதி வைத்தோம். எழுதியது அந்தத் தம்பியேதான். வால்வில் குறி வைத்திருக்கிறார், மண் கேட்டுச் சத்தம் போட்டால் சோதனைத் தாளைக் காட்டுகிறார்.

மெத்தடிங்குக்கு ஒரு நிபுணரை 9 நாளுக்கு வைத்தோம், சிமுலேஷனோடு சேர்த்து 1,15,000 ரூபாய். நான்கு தவணை, கடைசித் தவணை இன்னும் கொடுக்கவில்லை, அடுத்த மாதம் கெடு. இரண்டு கேசிங்கில் ஒன்றுக்கு ரைசரை நகர்த்தி, கழுத்தை அகலமாக்கினார். அதில் ஷ்ரிங்கேஜ் ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்னொன்றுக்குப் பேட்டர்ன் மாற்றியும் பாதிதான் குறைந்திருக்கிறது. ஃபிளாஞ்ச் சேரும் வளைவில் கனத்தை 2 மி.மீ. மாற்ற அனுமதி கேட்டோம், வாடிக்கையாளர் டிராயிங்கை மாற்ற முடியாது என்றுவிட்டார்.

மொத்த ரிஜக்‌ஷன் போன மாதம் 5.4 சதவீதம், டெபிட் நோட் 41,000. கரண்ட் டன்னுக்கு 735 யூனிட் இருந்தது, மூடி போட்டு, ரன்னரை உதறிப் போட ஆரம்பித்த பிறகு 668. கம்ப்ரசர் கசிவு 31 சதவீதம் காட்டியது. பழைய ஹோஸ்களை மாற்றிக்கொண்டிருக்கிறோம், அது இன்னும் முடியவில்லை. அம்பத்தூர் அக்கா சொன்ன லீன் திட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன், இந்த முறை பெட்டி அடுக்கும் இடத்துக்காக மட்டும்.

மோல்டர்களுக்கு இந்த மாதம் நல்ல வார்ப்புக் கணக்கில் ஊக்கத்தொகை கொடுத்தோம். ஆள் யாரையும் குறைக்கவில்லை.

#15 பழைய மோல்டர்

அந்த இரண்டாவது கேசிங்கை ஃபிளாஞ்ச் வளைவில் குறுக்கே வெட்டிப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. டிராயிங்கைத் தொடாமல் அந்த இடத்தில் சில் (சீக்கிரம் உறைய வைக்கும் உலோகத் துண்டு) வைத்துப் பார்த்தீர்களா?